நிரல் எழுதும் கடிதம்: மின்னஞ்சல் வழங்கியுடன் பைத்தான் பேசும் முறை

மாத இறுதியில் 300 கடைகளுக்குப் பில் அனுப்ப வேண்டிய ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் கணக்கர் ஒருவர் இரண்டு நாள் அமர்ந்து ஒவ்வொரு பில்லையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவார். இன்று கணினி படித்த இளைஞர் ஒருவர் முப்பது நாற்பது வரிகளில் ஒரு நிரலை எழுதித் தந்துவிடுகிறார். அது அவ்வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. சில நாட்களில் அந்நிரலுக்கு ஒரு தம்பியும் பிறந்துவிடுகிறது. வங்கியிலிருந்து வரும் வரவு அறிவிப்பு மின்னஞ்சல்களைத் தானே படித்து, எந்தக் கடை பணம் செலுத்திவிட்டது என்று கணக்கில் குறித்துக்கொள்ளும் நிரல் அது.

இவ்விரண்டு நிரல்களும் நிறுவனத்தின் பணத்தோடு நேரடித் தொடர்புடையவை. ஆயினும் அவை ஓடத் தொடங்கிய பின் உரிமையாளர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நிரல் எழுத உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே என்ன உரையாடல் நடக்கிறது, அதில் எந்த இடத்தில் யாரை நம்புகிறோம் என்று தெரிந்திருந்தால், எழுதித் தந்தவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். பைத்தான் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கே பார்ப்போம். ஜாவா, பி.எச்.பி. முதலிய பிற மொழிகளிலும் அடிப்படை இதுவே.

உறையும் கடிதமும்

மின்னஞ்சல் அனுப்புவதும் பெறுவதும் இரு வேறு வேலைகள். அனுப்புவதற்கான மொழி எஸ்.எம்.டி.பி. எனப்படுகிறது. ஜொனாதன் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1982 ஆகஸ்டில் அதன் விதிகளை வெளியிட்டார். இம்மொழியைப் பேசுவதற்குப் பைத்தானில் ‘எஸ்எம்டிபிலிப்’ என்ற நிரலகம் மொழியுடனேயே இலவசமாகக் கிடைக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

நிரல் இயங்கும்போது நடப்பது ஓர் உரையாடல். நிரல் அஞ்சல் வழங்கியை, அதாவது மெயில் சர்வரை, இணைய வழியே தட்டுகிறது. வழங்கி 220 என்ற எண்ணைச் சொல்லி வரவேற்கிறது. நிரல் ‘எஹ்லோ’ என்று வணக்கம் கூறித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. பின்னர், இன்னாரிடமிருந்து அஞ்சல் என்கிறது. வழங்கி 250, அதாவது ‘சரி’ என்கிறது. இன்னாருக்கு அஞ்சல் என்கிறது, மீண்டும் 250. கடிதத்தைத் தரட்டுமா என்று கேட்டதும் வழங்கி 354 என்கிறது, ‘தொடங்கு’ என்பது அதன் பொருள். கடிதம் முழுவதும் அனுப்பப்பட்ட பின், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அப்புள்ளியே முடிவின் அடையாளம். வழங்கி 250 என்று ஏற்றுக்கொள்கிறது. நிரல் விடைபெறுகிறது, வழங்கி 221 என்று கதவைச் சாத்துகிறது. உலகின் கோடிக்கணக்கான மின்னஞ்சல்கள் இன்றும் இந்த எளிய உரையாடலின் வழியேதான் செல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வழங்கியிடம் ‘இன்னாரிடமிருந்து’ என்று சொல்லப்படும் பெயர் ஒன்று; கடிதத்தின் உள்ளே ‘அனுப்புநர்’ வரியில் எழுதப்படும் பெயர் மற்றொன்று. முன்னது தபால் உறையின்மேல் எழுதப்படுவது போன்றது; பின்னது உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பில் எழுதப்படுவது போன்றது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டின் விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. அவற்றில் எதுவும் உண்மைதானா என்று விசாரிக்கவும் இல்லை. அன்றைய வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் அரசு அமைப்புகளையும் சேர்ந்தவை. ஒருவரையொருவர் அறிந்த அந்தச் சிற்றூரில் பூட்டு தேவைப்படவில்லை. ஊர் உலகமாகிவிட்டது; கதவு மட்டும் பழைய கதவு. பின்னாட்களில் வந்த பாதுகாப்புகள் யாவும் அக்கதவின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தப்பட்ட தாழ்ப்பாள்களே. ஆகவே அவற்றைப் போடுவதும் போடாமல் விடுவதும் நிரல் எழுதுபவரின் கையில் இருக்கிறது.

வாயில் எண்களும் சான்றிதழும்

வழங்கியின் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் ஒரு வாயில் எண் உண்டு. எஸ்.எம்.டி.பி.யின் ஆதி வாயில் 25. இன்று அது ஒரு வழங்கி மற்றொரு வழங்கியிடம் அஞ்சலை ஒப்படைக்கும் வாயில். குப்பை அஞ்சல்களின் தொல்லையால் பல இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு அதனை அடைத்தே வைத்திருக்கின்றன. உங்கள் நிரல் நுழைய வேண்டியது 587 அல்லது 465. முதலாவதில் உரையாடல் வெளிப்படையாகத் தொடங்கும். பிறகு ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’ என்ற கட்டளையால் மறையாக்கத்துக்கு மாறும். இரண்டாவதில் முதற்சொல்லிலிருந்தே மறையாக்கம் உண்டு. முடிந்தவரை தொடக்கத்திலிருந்தே மறைக்கப்பட்ட இணைப்பையே பயன்படுத்துங்கள் என்று 2018-இல் வெளியான இணையப் பொறியியல் ஆவணம் பரிந்துரைத்தது. ஆதலால் இரண்டும் கிடைக்குமிடத்தில் 465-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மறையாக்கம் இருக்கிறதே, இனிக் கவலை எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் பலரும் அறியாத ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது.

மறையாக்கம் செய்வது, இடையில் இருப்பவர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேசுவது மட்டுமே. யாரிடம் பேசுகிறோம் என்பது வேறு கேள்வி. வங்கியின் பாதுகாப்பு அறைக்குள் நுழைந்து கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவர் வங்கி ஊழியர்தானா என்று பாராமல் சாவியைக் கொடுத்தால் என்ன பயன்? அந்த அடையாளத்தை உறுதிப்படுத்துவதற்கே வழங்கி ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டுகிறது. நாம் நம்பும் ஒரு சான்றளிப்பு அமைப்பு அதில் ஒப்பமிட்டிருக்கிறதா, அதிலுள்ள பெயர் நாம் தேடிவந்த வழங்கியின் பெயர்தானா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்க வேண்டும்.

பைத்தானின் அஞ்சல் நிரலகம் இச்சரிபார்ப்பைத் தானாகச் செய்வதில்லை. இணையப் பக்கங்களைத் திறக்கும் பைத்தான் நிரலகங்களில் சான்றிதழ்ச் சரிபார்ப்பு 2014-ஆம் ஆண்டின் இறுதியில் இயல்பாக்கப்பட்டது. அஞ்சல் நிரலகங்களுக்கு அம்மாற்றம் அப்போது வரவில்லை. நிரல் எழுதுபவர் ‘எஸ்எஸ்எல்’ நிரலகத்திலுள்ள ‘கிரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்ட்’ என்ற செயற்கூற்றை அழைத்து, அது தரும் பொருளை இணைப்பு வரியில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சான்றிதழும் பெயரும் சரிபார்க்கப்படும். கொடுக்காவிட்டால் மறையாக்கம் மட்டும் நடக்கும். எதிரில் நிற்பவர் யாராயினும் கடவுச்சொல் அவர் கையில் போய்ச் சேரும். இரு நிரல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே ஓடும், கடிதங்களும் போய்ச் சேரும். விடுதியிலோ விமான நிலையத்திலோ பொது வைஃபையில் அமர்ந்து நிரலை ஓட்டும் அன்றுதான் வேறுபாடு வெளிப்படக்கூடும். அன்றும் அதை நாம் உணராமற்போகலாம்.

எழுதித் தந்தவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: “சான்றிதழ் சரிபார்க்கப்படுகிறதா?” சரிபார்ப்பைச் சேர்த்தவுடன் நிரல் ‘சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி’ என்ற பிழையோடு நின்றுவிடுவதும் உண்டு. அவசரத்தில் இருப்பவர்கள் சரிபார்ப்பையே நீக்கிவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அபாய மணி அடிக்கிறது என்று மணியின் கம்பியை அறுப்பதற்கு அது ஒப்பாகும். பிழையின் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. கணினியின் தேதி தவறாக இருக்கலாம். வழங்கியின் பெயருக்குப் பதிலாக எண் முகவரியைக் கொடுத்திருக்கலாம். கணினியிலுள்ள சான்றளிப்பு அமைப்புகளின் பட்டியல் பழையதாக இருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் இடையில் புகுந்து தன் சான்றிதழை நீட்டியிருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க அரைநாள் ஆனாலும் அது வீணல்ல.

சாவி

அடுத்தது உள்நுழைவு. எஸ்.எம்.டி.பி. பிறந்தபோது கடவுச்சொல் கேட்கும் வழக்கமே அதில் இல்லை; 1999-இல்தான் அதற்கென முறையான விதி வந்தது. பல ஆண்டுகள் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லையே நிரலில் எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. அக்காலம் முடிந்துவிட்டது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி நிரல்கள் நுழையும் வசதியைக் கூகுள் 2022 மே 30-ஆம் தேதியோடு நிறுத்தத் தொடங்கியது. சென்ற ஆண்டு வரை ஓடிய நிரல் ஒரு நாள் திடீரென்று 535 என்ற எண்ணோடு நின்றுபோய்ப் பலர் திகைத்தது அப்போதுதான். 535 என்றால், ‘உன் அடையாளத்தை ஏற்கவில்லை’ என்று பொருள்.

இப்போது இருவழிகள் உள்ளன. ஒன்று, ஓஆத் எனப்படும் முறை. கடவுச்சொல்லை நிரலுக்குத் தெரிவிக்காமலே, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் அனுமதிச் சீட்டு ஒன்றைப் பெற்றுத் தருவது அது. பெரிய நிறுவனங்களுக்கு அதுவே பொருத்தமானது. ஆனால் அமைப்பதற்குச் சற்று உழைப்பு வேண்டும். மற்றொன்று, செயலிக் கடவுச்சொல். இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு, கூகுள் 16 எழுத்துகள் கொண்ட ஒரு தனிக் கடவுச்சொல்லை உருவாக்கித் தரும். அதை நிரலில் பயன்படுத்தலாம்; வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்யலாம்; கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினாலும் அது செல்லாததாகிவிடும்.

வசதியானதுதான், ஆயினும் அதன் வீச்சு எவ்வளவு என்பதை மறந்துவிடக் கூடாது. பில் அனுப்புவதற்காகத் தந்த அந்த 16 எழுத்துகளைக் கொண்டு, அஞ்சல் பெட்டியிலுள்ள அத்தனை கடிதங்களையும் படிக்கவும் முடியும். இருபடிச் சரிபார்ப்பின் இரண்டாம் படியை அது கேட்பதில்லை. உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கை, மின்னஞ்சலுக்கு வரும் ஓ.டி.பி., பிற சேவைகளின் கடவுச்சொல்லை மீட்டமைக்கும் இணைப்புகள் ஆகிய யாவும் அதே பெட்டியில்தானே இருக்கின்றன? எனவே நிரலுக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் கணக்கை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. வங்கியில் பதிவு செய்துள்ள முகவரியை எந்த நிரலின் கையிலும் கொடுக்காதிருப்பது நல்லது. இக்கட்டுரையில் ஒரேயொரு அறிவுரையை மட்டும் பின்பற்ற நேரமுள்ளவர் இதனைப் பின்பற்றலாம்.

சாவியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நிரலின் வரிகளுக்கு நடுவே கடவுச்சொல்லை எழுதிவிட்டால், அந்நிரலின் நகல் செல்லுமிடமெல்லாம் சாவியும் செல்லும். பழுதுபார்க்க வந்தவரின் பென் டிரைவில், நண்பருக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தியில், பொதுவெளியில் வைக்கப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்தில் எல்லாம் அது கிடக்கும். களஞ்சியத்திலிருந்து பின்னர் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். கணினியின் சூழல் மாறியில், அல்லது இயக்க முறைமை தரும் கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்து, நிரல் ஓடும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வதே முறை.

கடிதத்தைத் தொகுத்தல்

கடிதத்தை உருவாக்கும் வேலையைப் பைத்தானில் ‘ஈமெயில்’ என்ற மற்றொரு நிரலகம் கவனித்துக்கொள்கிறது. ஆதியில் மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 1992-இல் நத்தானியேல் போரென்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த ‘மைம்’ என்ற ஏற்பாட்டால்தான் பிற மொழி எழுத்துகளும் படங்களும் கோப்புகளும் அஞ்சலில் ஏறின. பொருள் வரியில் தமிழில் ‘மார்ச் மாத பில்’ என்று எழுதினால், அது மறைவில் ஆங்கில எழுத்துகளின் கோவையாக மாற்றப்பட்டுப் பயணம் செய்து, மறுமுனையில் மீண்டும் தமிழாகிறது. ‘ஈமெயில்-மெசேஜ்’ என்ற புதிய வகுப்பைப் பயன்படுத்தினால் இம்மாற்றம் தானே நடக்கும். பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்களிலிருந்து தமிழ்க் கடிதங்கள் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேருவதன் காரணமும் பெரும்பாலும் எழுத்து முறையைச் சரியாகக் குறிப்பிடாததே. இணைப்புக் கோப்புகளும் இவ்வாறே எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகின்றன. 20 எம்.பி. கோப்பு ஏறக்குறைய 27 எம்.பி. ஆகி, 25 எம்.பி. வரம்பில் முட்டி நிற்பது இதனால்தான்.

இப்பகுதியில் வியாபாரியின் நற்பெயரைத் தொடும் தவறு ஒன்று உண்டு. 300 கடைகளுக்கும் ஒரு கடிதப் பொருளை மட்டும் உருவாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் பெறுநரையும் பில்லையும் மாற்றினால் போதும் என்று நிரல் எழுதுபவர் எண்ணுவார். ஆனால் இணைப்பைச் சேர்க்கும் கட்டளை முந்தைய இணைப்பை அகற்றுவதில்லை; அதன் பக்கத்தில் மற்றொன்றை வைக்கிறது. இரண்டாம் கடைக்கு முதற்கடையின் பில்லும் சேர்ந்தே செல்லும். பத்தாம் கடைக்குப் பத்து பில்கள் செல்லும். யாருக்கு என்ன விலையில் சரக்குத் தருகிறோம் என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும். பழைய வகுப்புகளில் பெறுநர் வரியும் இப்படியே கூடிக்கொண்டு போகும். புதிய வகுப்பு, இரண்டாவது பெறுநர் வரியைச் சேர்க்க முயன்றால் பிழை கூறி நின்றுவிடும். ஒவ்வொரு கடைக்கும் புதிதாக ஒரு கடிதப் பொருளை உருவாக்குவதே இதற்குத் தீர்வு. நிரலை முதன்முறை ஓட்டும்போது பெறுநர்கள் அனைவருக்கும் பதிலாக உங்கள் முகவரியையே கொடுத்து, வந்து சேரும் முதல் ஐந்து கடிதங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வழங்கி 250 என்று சொன்னால் கடிதம் சென்று சேர்ந்துவிட்டது என்று பொருளல்ல. எடுத்துக்கொண்டேன் என்றே பொருள். முகவரி தவறாயின் சிறிது நேரத்துக்குப் பின் ‘சேர்க்க இயலவில்லை’ என்ற கடிதம் திரும்பி வரும். அதைப் படிப்பார் யாரும் இல்லையெனில், பில் போகவில்லை என்பது பணம் வராதபோதுதான் தெரியவரும். மேலும், தனிநபர் ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்கள் என்ற அளவு உண்டு. 300 கடை இருந்தவரை ஓடிய நிரல், வியாபாரம் பெருகிய மாதத்தில் பாதியில் நிற்கும். இணைப்பு வரியில் காலக்கெடு கொடுக்காவிட்டால், வழங்கி பதில் சொல்லாதபோது நிரல் முடிவின்றிக் காத்துக்கொண்டிருக்கும் என்பதையும் எழுதுபவருக்கு நினைவூட்டலாம்.

வரவு அறிவிப்பைப் படிக்கும் நிரல்

இனி அந்தத் தம்பி நிரலுக்கு வருவோம். பெட்டியிலுள்ள கடிதங்களைப் படிப்பதற்கான மொழி ஐமேப். 1986-இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. பைத்தானில் ‘ஐமேப்லிப்’ அதற்கான நிரலகம். மறையாக்கம் கொண்ட வாயில் 993. சான்றிதழ்ச் சரிபார்ப்பைப் பற்றி மேலே சொன்னவை யாவும் இதற்கும் பொருந்தும். பெட்டியைப் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் திறக்கச் செய்வது நல்லது. இல்லையெனில் நிரல் எடுத்துப் பார்த்த கடிதங்கள் ‘படித்தவை’ என்று மாறிவிடும், கணக்கர் அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

இந்நிரல் செய்வது என்ன? வங்கியிடமிருந்து வந்த கடிதங்களைத் தேடுகிறது; அவற்றில் தொகையையும் குறிப்பு எண்ணையும் பொறுக்குகிறது; இன்ன பில்லுக்குப் பணம் வந்தது என்று எழுதுகிறது. சில நிறுவனங்களில் அதோடு நில்லாமல், சரக்கு அனுப்பும் சீட்டையும் அச்சிட்டுவிடுகிறது. அங்கேதான் ஆபத்து.

ஐமேப் மொழியில் அனுப்புநரைத் தேடும் கட்டளை, கொடுக்கப்பட்ட சொல் அனுப்புநர் வரியில் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. அவ்வரியில் முகவரியோடு, அனுப்புபவர் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளும் பெயரும் இருக்கும். எவரோ ஒருவர் தம் கணக்கின் பெயராக ஒரு வங்கியின் பெயரை இட்டு, அவ்வங்கியின் அறிவிப்பைப் போலவே நான்கு வரி எழுதி அனுப்பினால், அக்கடிதமும் தேடலில் அகப்படும், நிரல் பணம் வந்ததாகக் குறித்துக்கொள்ளும், சரக்கும் கிளம்பிவிடும். பணம் அனுப்பியதாகக் கைப்பேசித் திரையில் ஒரு போலிப் படத்தைக் காட்டிக் கடைக்காரரை ஏமாற்றும் மோசடிக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான்: இங்கே ஏமாறுவது நிரல்; அதற்குச் சந்தேகப்படத் தெரியாது.

அனுப்புநரைச் சரிபார்க்க மூன்று ஏற்பாடுகள் பிற்காலத்தில் தோன்றின. ஒரு களப்பெயரின் சார்பில் எந்தெந்த வழங்கிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று பட்டியலிடுவது எஸ்.பி.எஃப். கடிதத்தில் டிஜிட்டல் ஒப்பம் இடுவது டி.கே.ஐ.எம். இவ்விரண்டில் ஒன்றேனும், கடிதத்தின் உள்ளே தெரியும் அனுப்புநரின் களப்பெயரோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று அறிவிப்பது டீமார்க். அது 2015-இல் ஆவணமாக வெளிவந்தது. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேற்பட்ட கடிதங்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதித்திருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தக் களப்பெயர் இருந்தால், அளவு சிறியதாயினும் மூன்றையும் அமைத்துவிடுங்கள். உங்கள் பெயரில் பிறர் போலிப் பில் அனுப்புவதற்கு அது ஓரளவு தடையாகும்.

சரிபார்ப்பின் முடிவை, கடிதத்தைப் பெறும் வழங்கி அதன் தலைப்பில் ஒரு வரியாக எழுதி வைக்கிறது. நிரல் அவ்வரியைப் படித்து, டீமார்க் தேறியதா, களப்பெயர் எழுத்துக்கு எழுத்து வங்கியினுடையதுதானா என்று பார்க்க வேண்டும். மோசடிக்காரர் தம் கடிதத்திலேயே ‘தேறியது’ என்று ஒரு போலி வரியை எழுதி அனுப்பக்கூடும் என்பதால், நம் வழங்கி சேர்த்த வரியை மட்டுமே ஏற்க வேண்டும். டீமார்க் தேறியது என்பதும் கடிதம் அந்தக் களப்பெயருக்கு உரியவரிடமிருந்து வந்தது என்பதையே காட்டும். வங்கியின் பெயரைப் போலவே தோன்றும், ஓரெழுத்து மாறிய களப்பெயரைப் பணம் கொடுத்து வாங்கியவரின் கடிதமும் தேறும். இக்குழப்பத்தைக் குறைப்பதற்காகவே ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டு, வங்கிகள் அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் களப்பெயர்களுக்கு மாற வேண்டும் என்றது. அப்பெயர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு ஹைதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான ஐ.டி.ஆர்.பி.டி.யிடம் மட்டுமே உள்ளது. வங்கியல்லாத எவரும் அதை வாங்க முடியாது. அறிவிப்புகள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்பதைக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதை நிரலில் முழுமையாக எழுதச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும், மின்னஞ்சல் அறிவிப்பு ஒரு தகவலே, ரசீது அல்ல. பணம் வந்ததற்குச் சான்று கணக்கு அறிக்கை. நிரல் அறிவிப்பைப் பார்த்து ‘வந்திருக்கலாம்’ என்று குறிக்கட்டும். சரக்கை விடுவிக்கும் முன் இணைய வங்கிச் சேவையிலிருந்து இறக்கிய அறிக்கையோடு ஒப்பிடட்டும். வரவுகள் மிகுந்த நிறுவனங்கள், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி மெய்நிகர் கணக்கு எண் தரும் வசூல் சேவையையோ, நிறுவனத்தின் கணினியோடு வங்கியின் கணினியை நேரடியாக இணைக்கும் ஏ.பி.ஐ. சேவையையோ பற்றிக் கிளையில் விசாரிக்கலாம். அங்கே நிரல் கேள்வி கேட்பது வங்கியிடமே, கடிதத்திடம் அல்ல.

சாவி களவுபோனால்

பில் அனுப்பும் கணக்கின் கடவுச்சொல் பிறர் கையில் சிக்கினால், அவர் உடனே பணத்தை எடுக்க முயல்வதில்லை. பொறுமையாகப் பழைய கடிதங்களைப் படிக்கிறார். பிறகு, உங்கள் முகவரியிலிருந்தே, உங்கள் நடையிலேயே, ‘எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறது, இனி இதில் செலுத்துக’ என்று கடைகளுக்கு எழுதுகிறார். அக்கடிதம் உண்மையான வழங்கியிலிருந்தே செல்வதால் மேற்சொன்ன மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். பதில்கள் உங்கள் கண்ணில் படாதிருக்க, அவற்றை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி ஒன்றையும் பெட்டியில் அமைத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

ஆகையால், கணக்கு எண் மாற்றம் மின்னஞ்சலில் வந்தால் தொலைபேசியில் கேட்டறிந்த பின்பே ஏற்க வேண்டும் என்று உங்கள் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பில்லின் அடியிலும் அச்சிடுங்கள். அவர்கள் அழைக்க வேண்டியது தாம் முன்பே குறித்து வைத்துள்ள எண்ணை. அக்கடிதத்தில் கொடுக்கப்பட்ட எண்ணை அல்ல. நீங்கள் பிறருக்குப் பணம் செலுத்தும்போதும் இதே விதி. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் முறைகளில் பணம் அனுப்புமுன் பெறுபவரின் கணக்குப் பெயரைத் திரையில் பார்த்து உறுதி செய்யும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டது. பழகிய நிறுவனத்துக்குத்தானே என்று அப்பெயரைப் பாராமல் தாண்டிச் செல்லாதீர்கள்.

களவு நேர்ந்ததாகச் சந்தேகம் எழுந்தால் முதலில் செயலிக் கடவுச்சொற்கள் அனைத்தையும் ரத்து செய்யுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டியின் அமைப்புகளில் நீங்கள் இடாத திருப்பு விதிகளோ வடிகட்டிகளோ இருக்கின்றனவா என்று பார்த்து நீக்குங்கள். பணம் கைமாறியிருந்தால் உங்கள் கிளைக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். பணம் பெறுபவரின் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிடும் முன் அதனை முடக்கிவைக்க முயல்வதற்கு வங்கிகளுக்குக் கிடைப்பது சில மணி நேரமே. அப்போது பரிமாற்றக் குறிப்பு எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். சந்தேகத்துக்குரிய கடிதத்தை அழித்துவிடாமல் அதன் முழுத் தலைப்போடு சேமித்து வையுங்கள்.